ஐந்து நாள் வேலைநிறுத்தமும் ஏழு வருட இடைவெளியும்

எங்கள் ஆர்.கே.பேட்டையில் ஹாக்கி மட்டை வைத்திருப்பவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். கிரிக்கெட் உண்டு, கபடி உண்டு, சாயந்திரம் ஆனால் கொஞ்சம் வாலிபால். அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு ஹாக்கி பற்றி ஒரு சரித்திரக் கட்டுரையா என்று வகுப்பில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் :-)

எனக்கு ஹாக்கியைப் பழக்கிவிட்டது என் சித்தப்பா. விசைத்தறி ஓட்டுகிறவர். பள்ளிக்கூடத்தில் ஒரு பி.டி. மாஸ்டர் புண்ணியத்தில் பன்னிரண்டாவது வரைக்கும் ஃபுல் பேக்காக ஆடியவர். அதற்கு மேல் ஆட ஆசை இருந்தது, வீட்டு நிலைமை விடவில்லை. அவருடைய பழைய மட்டை இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. கைப்பிடித் துணி மட்டும் எலி கடித்துவிட்டது.

2024 டிசம்பர் 28ஆம் தேதி ராத்திரி அவர் எங்கள் வீட்டுக்கு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தார். ஒடிசாவில் ரூர்கேலா, பிர்சா முண்டா ஸ்டேடியம். ஏழு வருடத்துக்கும் மேல் நின்றுபோயிருந்த ஹாக்கி இந்தியா லீக் அன்றைக்குத்தான் மறுபடி ஆரம்பம். டெல்லிக்கும் கோனாசிகா அணிக்கும் ஆட்டம். எனக்கு ஒரே குஷி. தூர்தர்ஷனிலேயே காட்டுகிறார்கள், காசு கட்ட வேண்டாம். நான் யார் எந்த அணியில் என்று சொல்லிக்கொண்டே போக, சித்தப்பா கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பசங்களுக்கு சம்பளம் ஒழுங்கா வருமாடா?"

எனக்கு எரிச்சலாக இருந்தது. கோல் எப்படி, பாஸ் எப்படி என்று பேசாமல் சம்பளத்தைப் பற்றி என்ன பேச்சு! தறி ஓட்டுகிறவர், அவருக்கு எதைப் பார்த்தாலும் கூலி ஞாபகம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அப்புறம் பழைய செய்திகளைத் தேடிப் படிக்கப் படிக்கத்தான் புரிந்தது, கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்.

பணத் தகராறில் ஆட்டம் நின்று திரும்பி வந்த கதை என்று தேடினால் முதலில் வந்து நிற்பது நம்ம ஹாக்கி இல்லை, அமெரிக்கா கனடாவின் ஐஸ் ஹாக்கி. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே என்.எச்.எல். என்று ஒரு லீக், அப்போது 30 அணிகள், அணிக்கு 82 ஆட்டம், மொத்தம் 1230 ஆட்டங்கள். 2004 செப்டம்பர் 16 அன்று முதலாளிகள் கதவை மூடினார்கள். கவனியுங்கள், ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. அது கதவடைப்பு. ஆட்டக்காரர் சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு வேண்டும் என்றார்கள் முதலாளிகள். சங்கம் முடியாது என்றது. 2005 பிப்ரவரி 16 அன்று லீக் கமிஷனர் கேரி பெட்மன் அந்த வருட சீசன் மொத்தத்தையும் ரத்து செய்தார். ஸ்டான்லி கோப்பை யாருக்கும் கொடுக்கப்படாமல் போனது 1919க்கு அப்புறம் அதுதான் முதல் முறை. 1919இல் காரணம் விஷக் காய்ச்சல். 2005இல் காரணம் காசு.

ஜூலையில் உடன்பாடு. அணிக்கு 3 கோடியே 90 லட்சம் டாலர் வரம்பு, இருக்கிற ஒப்பந்தங்களில் 24 சதவீதம் வெட்டு. அக்டோபர் 5ஆம் தேதி ராத்திரி 30 அணிகளும் ஒரே நாளில் களத்தில் இறங்கின. ஆட்டக்காரர்கள் தோற்றார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு விஷயம். தோற்றதும் எழுத்தில் இருந்தது. யாருக்கு எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு, எல்லாம் தாளில்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

இந்தியாவில் ஹாக்கி ஆடிப் பிழைப்பது என்றால் ரொம்ப காலம் வரைக்கும் ஒரே அர்த்தம்தான், வேலை. ரயில்வே, இந்தியன் ஏர்லைன்ஸ், ஐ.ஓ.பி., போலீஸ், ராணுவம். ஆடத் தெரிந்தால் வேலை கிடைக்கும், ஆடி முடித்ததும் அதே ஆபீசில் உட்கார்ந்து ரிட்டையர் ஆகலாம். சென்னையில் 1901இல் ஆரம்பித்து இன்று முருகப்பா தங்கக் கோப்பை என்ற பெயரில் நடக்கும் போட்டியின் முடிவுகளைப் பார்த்தால் தெரியும், பாதி அணிகள் ஆபீஸ் பெயரில்தான் இருக்கும். அந்தப் பாதுகாப்பு சின்ன விஷயம் இல்லை. ஆனால் அது ஆபீஸ் தருகிற சம்பளம், ஆட்டம் தருகிற சம்பளம் இல்லை. நாட்டுக்காக ஆடினால் அதற்கு எவ்வளவு என்ற கேள்விக்கு எந்தத் தாளிலும் பதில் கிடையாது.

ஆட்டமே சம்பளம் தரும் என்று ஒரு ஆசை காட்டியது பிரீமியர் ஹாக்கி லீக். 2005 ஜனவரி, ஹைதராபாத். (அங்கே என்.எச்.எல். கதவு பூட்டிக் கிடந்த அதே மாதம் இங்கே புதுக் கதவு திறந்திருக்கிறது!) அப்போதைய இந்திய ஹாக்கி சம்மேளனமும் ஈ.எஸ்.பி.என். ஸ்டார் தொலைக்காட்சியும் சேர்ந்து நடத்தியது. 35 நிமிடம் இரண்டு பாதி என்பதை மாற்றி பதினேழரை நிமிடமாக நான்கு கால் பகுதி. நமக்கு சென்னை வீரன்ஸ். முதல் வருடம் ஹைதராபாத் சுல்தான்ஸ் ஜெயித்தது. சித்தப்பா இன்னும் சொல்வார், டிவியில் ஹாக்கிக்கு அப்படி விளக்கு வெளிச்சம் போட்டுக் காட்டியதை அதற்கு முன் பார்த்ததே இல்லையாம்.

நான்கு சீசன். 2008 மார்ச்சில் சிலி நாட்டு சாண்டியாகோவில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்றோம். 1928க்குப் பிறகு முதல் முறையாக இந்தியா ஒலிம்பிக் ஹாக்கியில் இல்லை. அடுத்த மாதமே சம்மேளனச் செயலாளர் மீது ஒரு தொலைக்காட்சி ரகசிய கேமரா குற்றச்சாட்டு. இந்திய ஒலிம்பிக் சங்கம் கே.பி.எஸ். கில் தலைமையிலான சம்மேளனத்தையே சஸ்பெண்ட் செய்தது. சம்மேளனத்தோடு லீக்கும் போனது. யாரும் கதவை மூடியதாக அறிவிக்கவில்லை. அடுத்த வருடம் ஆட்டம் இல்லை, அவ்வளவுதான்.

2009இல் ஹாக்கி இந்தியா என்ற புது அமைப்பு வந்தது. 2010 பிப்ரவரி 28 முதல் டெல்லியில் உலகக் கோப்பை. அதற்கான பயிற்சி முகாம் பூனாவில் உள்ள பாலேவாடியில். ஜனவரி இரண்டாவது வாரம், 22 ஆட்டக்காரர்கள் பயிற்சிக்குப் போக மறுத்தார்கள். கேப்டன் ராஜ்பால் சிங். கோச் ஸ்பெயின்காரர் ஹோசே பிராசா.

அவர்கள் கேட்டது என்ன? ஆளுக்கு நாலரை லட்சம் ரூபாய். வர வேண்டிய பாக்கி என்றார்கள். சஹாரா நிறுவனம் அணிக்கு ஸ்பான்சர், அந்தப் பணத்தில் எங்கள் பங்கு எங்கே என்பதுதான் கேள்வி. கையில் பணம் இல்லை என்றது ஹாக்கி இந்தியா. ஆளுக்கு 25,000 ரூபாய் தருகிறோம் என்றது. மறுத்தார்கள். 48 மணி நேரம் கெடு வைத்தார்கள், வராவிட்டால் வேறு அணி என்று மிரட்டல். ஆட்டக்காரர்கள் அசையவில்லை. அதே நேரத்தில் பெண்கள் அணி, கேப்டன் சுரிந்தர் கவுர் தலைமையில், பொதுமக்கள் உதவட்டும் என்று ஒரு வங்கிக் கணக்கே திறந்தார்கள். நாட்டின் ஜெர்சி போட்டவர்கள் பேங்க் அக்கவுண்ட் நம்பரை பேப்பரில் போடும் நிலைமை!

இந்தக் கணக்கை ஒரு நிமிடம் போட்டுப் பாருங்கள். 22 பேர், ஆளுக்கு நாலரை லட்சம், மொத்தம் 99 லட்சம். அதே ஜனவரி 19ஆம் தேதி ஐ.பி.எல். ஏலம் நடந்தது. பொல்லார்டும் ஷேன் பாண்டும் தலா ஏழரை லட்சம் டாலருக்குப் போனார்கள். அன்றைய மதிப்பில் ஆளுக்கு மூன்று கோடியைத் தாண்டும். அதாவது பூனாவில் இருந்த மொத்த அணியும் கேட்டதைப்போல மூன்று மடங்குக்கும் மேல், ஒரே ஒரு கிரிக்கெட்காரருக்கு. கிரிக்கெட் மேல் எனக்குப் பொறாமை இல்லை (சரி, கொஞ்சம் உண்டு). அது சம்பாதிக்கிறது, கொடுக்கிறது. நான் சொல்ல வருவது, பூனாவில் கேட்ட தொகை அப்படி ஒன்றும் பேராசை இல்லை.

அப்போது எனக்கு விவரம் தெரியாத வயசு. சித்தப்பாதான் சொன்னார். எங்கள் தெரு டீக்கடையில் காலையில் பேப்பரைச் சத்தமாகப் படித்துவிட்டு ஒரு பெரியவர், "நாட்டுக்காக ஆடறவன் காசு கேக்கலாமா?" என்றாராம். சித்தப்பா, "ஏன் பெரியப்பா, நாட்டுக்காக ஆடறவன் வீட்ல அடுப்பு எரிய வேணாமா?" என்று கேட்டுவிட்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டாராம்.

அவருக்கு ஏன் அவ்வளவு கோபம் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் எல்லாம் தறி ஓடும் ஊர்கள். நூலும் பாவும் ஒருவர் கொடுப்பார், நெய்து கொடுத்தால் கூலி. கூலி உயர்வுப் பேச்சு முறிந்தால் தறி நிற்கும். ராத்திரி பகலாகக் கேட்டுக்கொண்டே இருக்கும் சத்தம் நின்றால் காது அடைத்த மாதிரி இருக்கும், தூக்கம் வராது. ஒரு தடவை அப்படி நின்றபோது எங்கள் சித்தி கம்மலை அடகு வைத்தார். அந்த நாட்களிலும் யாராவது ஒருவர் வந்து, ஊர் நன்மைக்காக விட்டுக்கொடுங்கப்பா என்பார். விட்டுக்கொடுக்கச் சொல்வது எப்போதும் கூலி வாங்குகிறவனிடம்தான்.

ஜனவரி 13ஆம் தேதி பூனா வேலைநிறுத்தம் முடிந்தது. ஒரு கோடி ரூபாய் தருவதாக சஹாரா அறிவித்தது. ஹாக்கி இந்தியா தலைவர் ஏ.கே. மட்டூ ராஜினாமா செய்தார். ஐந்து நாள் கூத்து, ஐம்பது நாளைக்குள் உலகக் கோப்பை. முதல் ஆட்டத்தில் பாகிஸ்தானை 4-1 என்று அடித்தார்கள். சந்தீப் சிங் இரண்டு கோல். அன்றைக்கு ஸ்டேடியத்தில் எழுந்த சத்தத்தை இப்போது வீடியோவில் கேட்டாலும் புல்லரிக்கிறது. அதற்குப் பிறகு சறுக்கி எட்டாவது இடம். தோற்றதற்கு வேலைநிறுத்தம்தான் காரணம் என்று சொன்னவர்களும் உண்டு. முதல் நாள் ஜெயித்ததற்கும் அதையே காரணமாகச் சொல்ல வேண்டியதுதானே?

என் பார்வையில் பூனாவின் குறை வேறு. அவர்களுக்கு வட அமெரிக்காவில் இருந்த மாதிரி சங்கம் இல்லை, எழுத்தில் ஒரு நிரந்தர ஒப்பந்தம் வாங்கிக்கொள்ளவும் இல்லை. பாக்கிக்கு ஒரு வழி பிறந்தது, முறை வரவில்லை. இது எப்படித் தெரிகிறது என்றால், அடுத்த வருடமே தெரிந்துவிட்டது. 2011 செப்டம்பர், சீனாவில் ஓர்டோஸ் என்ற ஊரில் முதல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை. இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானை பெனால்டியில் ஜெயித்து ராஜ்பால் சிங் அணி கோப்பையோடு திரும்பியது. ஹாக்கி இந்தியா பரிசு அறிவித்தது. எவ்வளவு தெரியுமா? ஆளுக்கு 25,000 ரூபாய்.

அதே 25,000! பூனாவில் சமாதானத்துக்குக் கொடுத்த அதே தொகை, இப்போது கோப்பைக்கு. ஆட்டக்காரர்கள் வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். அப்புறம் விளையாட்டு அமைச்சர் அஜய் மாக்கன் தலையிட்டு ஒன்றரை லட்சம் என்று அறிவித்தார். இடையில் 2010 ஆகஸ்டில் ஹாக்கி இந்தியாவுக்குத் தலைவர் தேர்தல் நடந்ததையும் சொல்ல வேண்டும். முன்னாள் கேப்டன் பர்கத் சிங் நின்றார். 83 வயது அரசியல்வாதி வித்யா ஸ்டோக்ஸ் நின்றார். 41க்கு 21 என்று பர்கத் தோற்றார். ஓட்டுப் போட்டது ஆட்டக்காரர்கள் இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து வந்தது இரண்டு கடைச் சண்டை. பழைய சம்மேளனம் நிம்பஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2012 பிப்ரவரி 29 முதல் வேர்ல்ட் சீரிஸ் ஹாக்கி நடத்தியது. எட்டு அணிகள், நமக்கு சென்னை சீட்டாஸ். ஷேர்-ஏ-பஞ்சாப் ஜெயித்தது. ஹாக்கி இந்தியாவோ இது அங்கீகாரம் இல்லாத போட்டி என்றது. ஆட்டக்காரன் நிலைமையை யோசியுங்கள். ஒரு பக்கம் காசு, ஒரு பக்கம் நாட்டு ஜெர்சி. பூனாவில் முன்னால் நின்ற ராஜ்பால் சிங் காசு தரும் லீக்கில் ஆடினார். லண்டன் ஒலிம்பிக் அணியில் அவர் இல்லை. அந்த லண்டனில் இந்தியா 12 அணிகளில் 12ஆவது. வேர்ல்ட் சீரிஸுக்கு இரண்டாவது வருடமும் வரவில்லை. சம்பளப் பாக்கி என்ற புகார்கள் மட்டும் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தன.

2013 ஜனவரியில் ஹாக்கி இந்தியாவின் சொந்த லீக். ஏலத்தில் சர்தார் சிங் 78,000 டாலருக்குப் போனார், அன்றைய மதிப்பில் 42 லட்சம் போல. பூனாவில் நாலரை லட்சத்துக்குத் தகராறு நடந்து மூன்றே வருடம்! ராஞ்சி, டெல்லி, மறுபடி ராஞ்சி, பஞ்சாப், கலிங்கா என்று 2017 வரை ஐந்து சாம்பியன்கள். அதில் தமிழ்நாட்டுக்கு ஒரு அணிகூட இல்லை. பிறகு 2018இல் நடக்காது என்றார்கள். காசு, சர்வதேச அட்டவணை என்று காரணம் சொன்னார்கள். அடுத்த வருடமும் இல்லை. அதற்கு அடுத்த வருடமும் இல்லை. 1230 ஆட்டம் போனதற்கு அமெரிக்காவில் இன்னும் புத்தகம் எழுதுகிறார்கள். நமக்கு ஏழு சீசன் போனதற்கு ஒரு தலையங்கம் படித்த ஞாபகம் எனக்கு இல்லை.

நடுவில் நல்லதும் நடந்தது. 2018 முதல் ஒடிசா அரசு தேசிய அணிகளுக்கு ஸ்பான்சர் ஆனது. டோக்கியோவில் வெண்கலம், 41 வருடத்துக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம். பாரிஸில் மறுபடி வெண்கலம். 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தபோது நானும் சித்தப்பாவும் திருத்தணி வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் போனோம். இறுதி ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. லீக் ஆட்டம் ஒன்றைத்தான் பார்த்தோம். சித்தப்பா கைதட்டவே இல்லை, இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஃபுல் பேக்குகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். இறுதியில் 1-3 என்று பின்தங்கி மலேசியாவை 4-3 என்று ஜெயித்ததை வீட்டு டிவியில்தான் பார்த்தோம்.

2024 அக்டோபர் ஏலத்தில் ஹர்மன்பிரீத் சிங்கை 78 லட்சத்துக்கு சூர்மா அணி எடுத்தது. (சர்தாருக்கு 78,000 டாலர், ஹர்மன்பிரீத்துக்கு 78 லட்சம் ரூபாய். 78க்கும் ஹாக்கிக்கும் என்ன ஜாதகப் பொருத்தமோ!) முதல் முறையாகப் பெண்களுக்கும் நான்கு அணிகளோடு லீக். வங்கிக் கணக்கு நம்பர் கொடுத்துக் கையேந்திய அணியின் தங்கைகள் ஏலத்தில் விலை பேசப்பட்டார்கள், உதிதா 32 லட்சத்துக்கு. என்னைக் கேட்டால் இந்தத் திரும்பி வருதலில் பெரிய செய்தி அதுதான். ஆண்களில் நமக்குத் தமிழ்நாடு டிராகன்ஸ். அரியலூர்க்காரர் செல்வம் கார்த்தி உள்ளே. அரையிறுதி வரை போய் பெங்கால் டைகர்ஸிடம் ஷூட் அவுட்டில் தோற்றோம். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

ஆனால் சித்தப்பாவின் கேள்வி அப்படியேதான் இருந்தது. பதில் மாதிரி ஒன்று இரண்டாவது சீசனுக்கு முன்னால் வந்தது. யு.பி. ருத்ராஸ் அணியின் முதலாளிகள் தொடர்ந்து நடத்த முடியாது என்று விலகினார்கள். பழைய காலமாக இருந்தால் அந்த ஆட்டக்காரர்கள் நடுத்தெருவில் நின்றிருப்பார்கள். இந்த முறை லீக்கின் நிர்வாகக் குழுவே அந்த அணியை எடுத்து நடத்தியது. செய்தியைப் படித்ததும் ஓடிப்போய் சித்தப்பாவிடம் காட்டினேன். தறி ஓடிக்கொண்டிருந்தது, கத்திப் பேச வேண்டியிருந்தது.

அவர் தறியை நிறுத்தாமல், அறுந்த இழையை முடிந்துகொண்டே, "ஒரு டீம் போனா தாங்குவாங்க, சரி. மூணு டீம் போனா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. அவர் பாபினை மாற்றிவிட்டு, "பரண் மேல இருக்கற மட்டைய எடுத்து வையி, கைப்பிடிக்கு வேற துணி சுத்தணும்" என்றார்.